மறக்கப்பட்ட மருத்துவ மேதை டாக்டர் சுப்பாராவ்

எழுதியவர்: பத்தாம் வகுப்பு மாணவி, போளூர்

எங்கள் ஊர் போளூர். திருவண்ணாமலைப் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால், ஊர்ப் பெயரைச் சொன்னவுடனே எல்லோரும் அந்த ஊரையே நினைத்துக் கொள்கிறார்கள். நான் சொல்வது கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூருக்கும் அப்பால், பழனி மலையின் மேல் உள்ள சிற்றூர். அங்கே வீட்டிலிருந்து தோட்டத்திற்குப் போக வேண்டுமானால் இறங்க வேண்டும். திரும்பி வர வேண்டுமானால் ஏற வேண்டும். சமதளம் என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டுமே உண்டு.

என் அப்பத்தா எழுபது வயதிலும் பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறியவர். சென்ற ஆண்டு முதல் அவரால் பாதி வழிகூட ஏற முடியவில்லை. மருத்துவமனையில் சோதித்தபோது சர்க்கரை நோய் என்றார்கள். சர்க்கரை இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது, தசைக்குள் போய்ப் பயன்படவில்லை என்று மருத்துவர் விளக்கினார். உடம்பில் அவ்வளவு சர்க்கரை இருந்தும் கால்களில் வலு இல்லையே என்று அப்பத்தா கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆண்டு அறிவியல் பாடத்தைப் படித்தேன். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் பொருளாகி உயிரணுவுக்குப் பயன்படுகிறது என்று பாடம் சொல்கிறது. தேர்வுக்காக அதன் முழுப்பெயரை, அடினோசின் ட்ரை பாஸ்பேட் என்று நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அதைக் கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் ஆசிரியை சொல்லித்தான் தெரியும். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ஜகந்நாதம் அரசாங்க வருவாய்த் துறையில் பணி செய்தவர், நோயாளி. தாய் வேங்கம்மா. பிள்ளைகள் எழுவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் ஒரு திட்டம் தீட்டினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும் பணக்காரன் ஆகிவிடலாம் என்பதுதான் அந்தத் திட்டம்! வீட்டை விட்டு ஓடிய பிள்ளையைத் தாய் விடவில்லை. தேடிப்பிடித்து, அழைத்து வந்து, மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தார்.

உட்கார வைத்தாரே ஒழிய, படிப்பு ஏறவில்லை. இராஜமுந்திரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நெருங்கிய உறவினர்கள் அடுத்தடுத்து நோயால் இறந்தனர். பையன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தோற்றான். மறுமுறையும் தோற்றான். வேங்கம்மா நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறையாகத் தேர்வு எழுதிய பின்புதான் சுப்பாராவ் தேறினார்.

இந்த இடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதத்தில் மட்டும் தவறிவிட்டாள். அதன் பிறகு அவள் தோட்ட வேலைக்குப் போகிறாள். துணைத் தேர்வு எழுதலாம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். இரண்டு முறை தோற்றவர் என்றதும் அக்கா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவிடம் விற்பதற்கு நகை இருந்ததே என்று மட்டும் சொன்னாள். அப்பா வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தவர், துணைத் தேர்வுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று பள்ளியில் கேட்டு வரும்படி சொன்னார். கேட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய தொகை இல்லை.

சுப்பாராவின் கதைக்கு வருவோம். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது அவருக்குக் கணிதத்தில் பெரும் ஈடுபாடு. கூடவே துறவு எண்ணமும் வந்தது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் தொண்டும் செய்யலாம் என்று மடத்துப் பெரியவர்கள் வழி காட்டியதால் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினர். 1919-இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கும்படி அழைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்பிற்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. ஒரு கதர் அங்கிக்கு இவ்வளவு பெரிய விலையா என்று கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பட்டம் கிடைத்திருந்தால் அவர் ஏதேனும் ஒரு மாவட்ட மருத்துவமனையிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கவும் கூடும்.

டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார். இதற்கிடையே குடும்பத்தில் ஸ்புரூ என்னும் நோய் புகுந்தது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்த சோகையுமாக ஆளை உருக்கிவிடும் நோய் அது. அண்ணன் புருஷோத்தம் அதற்குப் பலியானார். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் சுப்பாராவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குப் போக முடிவு செய்தார். காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ முன்வந்தது. மாமனார் மீதிப் பணத்தைத் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் போய் இறங்கியபோது அவரிடம் பணம் ஏறக்குறைய இல்லை. பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவும் கடைநிலை வேலை. மருத்துவம் கற்ற ஒருவர் அந்த வேலையைச் செய்தார் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்றுநேரம் மேலே படிக்க மனம் வரவில்லை.

பட்டயப் படிப்பு முடிந்ததும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவரிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய பெரும்பணி தொடங்குகிறது. இதைச் சற்று விரிவாகவே எழுதப் போகிறேன். தோழிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அன்று கடினமான வேலை. சிறிது இரத்தத்தை வைத்துக்கொண்டு விரைவாக அளக்க ஒரு வழி வேண்டும். பிஸ்கேயும் சுப்பாராவும் 1925-இல் அதைக் கண்டனர். அமிலம் கலந்த மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, பிறகு ஒடுக்கும் பொருள் ஒன்றையும் சேர்த்தால் கரைசல் நீலமாக மாறும். பாஸ்பேட் மிகுதியாக இருந்தால் அடர்ந்த நீலம். குறைவாக இருந்தால் வெளிர் நீலம். நீலத்தின் ஆழத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற இது, பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கமாக இருந்தது.

இம்முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. உடனே தோன்றி நின்றுவிட வேண்டிய நீலம் அப்படி நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. வேறொருவராக இருந்தால் சோதனையில் ஏதோ பிழை என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அமிலம் பட்டதும் அது உடைந்து பாஸ்பேட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது, அதனால்தான் நீலம் ஏறுகிறது என்று கண்டுகொண்டனர். அப்பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். 1927-இல் அதனை அறிவித்தனர். தசை வேலை செய்யும்போது அது குறைகிறது. ஓய்வு எடுத்தால் மீண்டும் நிறைகிறது. அதே ஆண்டில் இலண்டனில் எகிள்டன் என்னும் கணவனும் மனைவியும் தவளையின் தசையில் அதே பொருளின் தடயத்தைக் கண்டிருந்தனர்.

தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலமே அது சுருங்குவதற்குக் காரணம் என்பது அக்காலத்து நம்பிக்கை. அக்கருத்தோடு தொடர்புடைய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. இந்தப் புதிய பொருள் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. அதோடு நிற்கவில்லை. 1929-இல் பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டார். பல நூல்களில் லோமனின் பெயர் மட்டுமே இருக்கிறது.

என் அப்பத்தாவின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. குளுக்கோஸ் உயிரணுவுக்குள் வந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதை எதிர்கொள்கிறது. ஏ.டி.பி.யிடமிருந்து ஒரு பாஸ்பேட்டை வாங்கிக் குளுக்கோசின் மேல் ஒட்டிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் மீண்டும் வெளியே போக முடியாது. உள்ளேயே உடைந்து ஆற்றலைத் தர வேண்டியதுதான். கிளைக்காலிசிஸ் பாதையில் 2 ஏ.டி.பி. செலவாகி 4 ஏ.டி.பி. வரவாகிறது. விதைப்பூண்டைப் போட்டு அறுவடை செய்வது போல முதலில் கொஞ்சம் போட்டால்தான் பிறகு எடுக்க முடியும். சர்க்கரை இரத்தத்திலேயே நின்றுவிட்டால் நொதி எதைப் பிடிக்கும், தசை எதைக் கொண்டு மேடு ஏறும்?

இன்றைய ஆய்வுக்கூடங்களில் இந்த நொதி எந்தத் திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். நொதியை முயல் போன்ற விலங்கின் உடலில் செலுத்தினால், அதன் இரத்தம் அந்நொதியைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதை எடுத்து நிறமேற்றித் திசுவின் மேல் விட்டால், நொதி உள்ள இடம் மட்டும் தனியே தெரியும். புற்றுநோய் அணுக்கள் பலவற்றில் ஹெக்சோகைனேசின் ஒரு வகை அளவுக்கு மீறி இருப்பதை இப்படிக் காண முடிகிறது. சுப்பாராவின் காலத்தில் இவ்வசதி ஏதும் இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு நீல நிறமும், பொறுமையும்தான் இருந்தன.

குளுக்கோசின் கதையில் மாணவிகளாகிய நாம் அறிய வேண்டிய இன்னொரு பெயர் கெர்ட்டி கோரி. கிளைக்கோஜனை உடைக்கும் நொதியைக் கணவர் கார்லுடன் ஆராய்ந்தவர். 1947-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். அவரும் வெகுகாலம் கணவரைவிடத் தாழ்ந்த பதவியில், குறைந்த ஊதியத்தில் வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு முடிவில் பரிசாவது கிடைத்தது.

சுப்பாராவுக்கு அதுவும் இல்லை. 1930-இல் முனைவர் பட்டம் பெற்றபின் பத்தாண்டுகள் ஹார்வர்டில் உழைத்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளியிடப்படாமலேயே கிடந்தன. பிற்காலத்தில் வேறு விஞ்ஞானிகள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பிஸ்கேயின் பொறாமையே காரணம் என்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் எழுதியிருக்கிறார். சுப்பாராவோ தம்மை முன்னிறுத்திக் கொள்ளாதவர். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் செய்த வேலையைச் செய்தேன் என்று சொல்வதற்குக்கூடக் கூசியது சரியா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

1940-இல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பிறகு அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றை எழுத இந்த மலரே போதாது. அண்ணனைக் கொன்ற ஸ்புரூவை அவர் மறக்கவில்லை. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்த சோகையை ஈஸ்ட் சத்தினால் குணப்படுத்தலாம் என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1931-இல் காட்டியிருந்தார். அந்தச் சத்தில் இருந்த போலிக் அமிலத்தைச் சுப்பாராவின் குழு பிரித்தெடுத்து, 1945-இல் செயற்கையாகவே செய்து காட்டியது. ஸ்புரூவுக்கு மருந்து கிடைத்துவிட்டது. அண்ணன் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

வாரந்தோறும் பள்ளியில் நமக்குக் கொடுக்கும் நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்துடன் இருப்பது இந்தப் போலிக் அமிலம்தான். அதை வாயில் போடுவது போல் போட்டு, சன்னலுக்கு வெளியே எறியும் தோழிகள் யாரென்று எனக்குத் தெரியும். (நானும் எட்டாம் வகுப்பில் எறிந்தவள்தான். சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.)

போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவருடைய குழுவினர் செய்தனர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினை இரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-இல் வெளியான அந்தச் செய்திக்கு முன்பு அத்தகைய குழந்தைகளுக்கு மருந்தென்று எதுவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மீத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் தரப்படுகிறது. யானைக்கால் நோய்க்கு அரசாங்கத்தார் வீடு வீடாகக் கொடுத்து வந்த டை எத்தில் கார்பமசைன் மாத்திரையும் லெடர்லியில் பிறந்ததே. டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்தான ஆரியோமைசினை, அவருடைய மேற்பார்வையில் முதியவரான தாவர விஞ்ஞானி பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டார். 1948-இல் அது வெளியாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாள் எழவில்லை. மாரடைப்பு. வயது 53. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. விடுதலை பெற்ற நாட்டை அவர் பார்க்கவே இல்லை.

சென்னையிலிருந்து புறப்பட்ட பிறகு அவர் ஒரு முறையேனும் திரும்பி வரவில்லை. இளம் மனைவி சேஷகிரி இங்கேயே இருந்துவிட்டார். கணவரை அவர் பிறகு பார்க்கவே இல்லை. சுப்பாராவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த அம்மையாரைப் பற்றி ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் எங்கும் கிடைக்கவில்லை. உலகத்துக்கு அவ்வளவு மருந்து கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர் இல்லை. சுப்பாராவைப் பெரியவர் என்று முழுமனத்தோடு சொல்ல வரும்போதெல்லாம் இந்த ஓர் இடத்தில் எனக்கு நா தடுமாறுகிறது. தடுமாறினாலும் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் பிறந்த நூற்றாண்டான 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சுப்பாரோமைசெஸ் என்று ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஹெக்சோகைனேசைப் பற்றி அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டும். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதால் இப்போது பாதி வழிக்கு மேலேயே ஏறுகிறாராம். அக்காவின் பழைய கணிதப் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் இல்லை என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னுடையதைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.